மாறுகொளக் கூறல்: விஞ்ஞானத் திரைக்கதைகளின் ஒரு பெருங்குற்றம்

நூலுக்குரிய குற்றங்கள் பத்து என வகுத்த நன்னூலார், அவற்றுள் ஒன்றாக ‘மாறுகொளக் கூறல்’ என்பதை வைத்தார். முன்னர் ஒன்றைக் கூறிப் பின்னர் அதற்கு முரணானதைக் கூறுதலே அது. விண்கலங்களும் வேற்றுலக மாந்தரும் உலவும் திரைப்படங்களுக்கும் தொலைக்காட்சித் தொடர்களுக்கும் இவ்விதியைப் பொருத்திப் பார்ப்பது சிலருக்கு நகைப்பை ஊட்டலாம். ஆயினும், அவற்றின் வரலாற்றை நோக்குமிடத்து, இரசிகன் மன்னிக்கும் குற்றம் எது, மன்னியாத குற்றம் எது என்பதை இவ்விதியே தெளிவாக்குகின்றது.

இலங்கையில் ரூபவாஹினி 1982 இல் ஒளிபரப்பைத் தொடங்கியது. கலேவெலயில் அயலவர் வீட்டு முற்றத்திலிருந்து தொடர்களைப் பார்த்த எமக்கு, தவறிய பகுதியை மீண்டும் காண வழியிருக்கவில்லை. பார்த்தவன் மறுநாள் பாடசாலையிற் சொல்லுவான். அவன் சொன்னதும் அடுத்த வாரம் திரையிற் கண்டதும் முரண்பட்டால் வழக்கு மூளும். பல வேளைகளிற் குற்றவாளி கதை சொன்ன நண்பனல்லன், கதையை எழுதியவரே என்பது பின்னரே விளங்கிற்று. அன்று இரசிகனின் நினைவே தொடர்களின் ஆவணக் காப்பகம்.

குற்றங்களை இரு வகைப்படுத்தலாம். முதலாவது வசதிக் குறைவால் வருவது. சேலம் மொடேர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்கருடன் இணைந்து 1952 இல் உருவாக்கிய ‘காடு’ படத்தில், யானைகளுக்கு உரோமம் போர்த்திப் பண்டைய மாமத யானைகளாக உலவவிட்டனர். 1963 இல் ஏ. காசிலிங்கம் இயக்கத்தில் எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த ‘கலை அரசி’யில் வரும் விண்கலமும் வேற்றுலகும் இன்றைய கண்ணுக்கு நாடக மேடையையே நினைவூட்டும். ஆனால், அறிவியலில் முன்னேறிக் கலையிற் பின்தங்கிய உலகொன்று, பூமியிலிருந்து பாடகியைக் கவர்ந்து செல்கிறது என்னும் அதன் கரு எளிதில் நகைத்துத் தள்ளத்தக்கதன்று. கலையற்ற விஞ்ஞானம் நிறைவுடையதாகுமா என்ற வினா அதில் உண்டு.

இரண்டாவது வகை, கதை தன் சொல்லையே மறப்பது. அமெரிக்கரான எட் வூட்டின் ‘பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்’ இதற்குப் பெயர்போனது. நடிகர் பேலா லுகோசி 1956 இல் மறைந்துவிட, அவருக்குப் பதிலாக உருவ ஒற்றுமையில்லாத வேறொருவர் மேலங்கியால் முகத்தை மறைத்துக்கொண்டு நடித்தார். ஒரே காட்சிக்குள் பகலும் இரவும் மாறிமாறி வந்தன. 1980 இல் மெட்வெட் சகோதரர் வெளியிட்ட நூல், யாவற்றினும் மோசமான படம் என்ற பட்டத்தை இதற்கே சூட்டியது.

தொலைக்காட்சியில் இச்சிக்கல் பன்மடங்காகும். தொடர் பல்லாண்டு நீளும். எழுத்தாளரும் நடிகரும் மாறுவர். பிரித்தானியாவில் 1963 இல் தொடங்கிய ‘டொக்டர் ஹூ’ தொடரின் தலைமை நடிகர் 1966 இல் உடல்நலக் குறைவால் விலக நேர்ந்தது. ஆக்கியோர் அதை மறைக்காது, அப்பாத்திரம் தன் உடலைப் புதுப்பிக்கவல்லது என்று விதி செய்தனர். 1976 இல் அவ்வாறு புதுப்பித்தல் பன்னிரு முறைக்கு மேல் இயலாதென வரம்பும் கட்டினர். வரம்பு நெருங்கியபோது, 2013 இல், அதைப் புறக்கணியாமல் கதைக்குள்ளேயே விடை கண்டனர். முப்பத்தேழு ஆண்டுக்கு முன் கொடுத்த வாக்கு இவ்வாறு காக்கப்பட்டது. ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரின் கிளிங்கன் இனத்தவரோ 1979 ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் திடீரென மேடுபள்ளமான நெற்றியுடன் தோன்றினர். அதற்கான காரணத்தைத் தொடர் 2005 இலேயே விரிவாகக் கூறிற்று.

இத்துறையில் நேர்மைக்கு எடுத்துக்காட்டாகத் திகழ்ந்தவர் 1956 இல் இலங்கையிற் குடியேறிய ஆதர் சி. கிளார்க். ‘2001’ நாவலில் விண்கலம் சனிக் கோளுக்குச் செல்கிறது. 1968 இல் வெளிவந்த குப்ரிக்கின் திரைப்படத்திலோ பயணம் வியாழனோடு முடிகிறது. சனியின் வளையங்களை நம்பத்தக்கவாறு படமாக்குதல் அரிதாயிற்று என்பதே காரணம். 1982 இல் அடுத்த நாவலை எழுதிய கிளார்க், தம் நூலை விடுத்துத் திரைப்படத்தையே பின்பற்றினார். அதை முன்னுரையில் ஒளியாது உரைத்தார்.

அவரது 1979 ஆம் ஆண்டு நாவலான ‘த ஃபவுண்டன்ஸ் ஒப் பாரடைஸ்’ எமக்கு இன்னும் அணுக்கமானது. கலேவெலயிலிருந்து தம்புள்ளை வழியாகச் சென்றடையும் சீகிரியாவே அதில் ‘யக்ககல’ எனப் பெயர் மாறி நிற்கிறது. பூமியிலிருந்து விண்ணுக்கு ஏறும் உயர்த்தியொன்றை அமைப்பதே கதை. பூமியோடு ஒத்துச் சுழன்று ஓரிடத்தின் மேலேயே நிற்கும் சுற்றுப்பாதை, பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் உள்ளது. ஆதலின் உயர்த்தியின் அடியும் அந்த ரேகையில் அமைதல் வேண்டும். இலங்கையோ அதற்கு வடக்கே உள்ளது. கிளார்க் தீவையே 800 கிலோமீற்றர் தெற்கே நகர்த்தினார். புனித மலையின் உயரத்தையும் இரட்டித்தார். இம்மாற்றங்களை நூலின் பின்னுரையில் வாசகருக்கு அறிவித்தார். தீவை நகர்த்துவது பெரும் பொய்யே. ஆனால் அறிவித்துச் சொன்ன பொய், இறுதிவரை தன் விதிக்கு அடங்கி நிற்பதால், வாசகர் அதை ஏற்றுக்கொள்கின்றனர்.

இவ்வளவுகோலை அண்மைக் காலத் தமிழ்ப் படங்களுக்கும் பொருத்தலாம். 2010 இல் வெளிவந்த ‘எந்திரன்’ படத்தின் முடிவில், பிரித்தடுக்கப்பட்ட சிட்டி 2030 ஆம் ஆண்டின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சிந்திக்கத் தொடங்கியதே தன் குற்றம் என அது பள்ளிச் சிறார் ஒருவருக்கு விடைகூறும் காட்சி, படத்தின் உயர்ந்த இடம். 2018 இல் வந்த ‘2.0’ அதே சிட்டியை உயிர்ப்பித்துச் சண்டையிட வைத்தது. மீண்டும் ஒருமுறை பிரித்தடுக்கப்பட்டது போலும் என இரசிகர் சமாதானம் கற்பிக்கலாம். எனினும் படம் அதைக் கூறவில்லை. உரோமம் போர்த்திய யானைகளினும் பன்மடங்கு சிறந்த காட்சி வித்தை இங்கு உண்டு. ஆயின் முன்னைய முடிவின் துயரம் மங்கிப்போயிற்று.

பெரும் பொருட்செலவு நல்ல விஞ்ஞானக் கதைக்கு உத்தரவாதமன்று. சிறு முதலீடு அதற்குத் தடையுமன்று. கதைஞன் எவ்வுலகையும் படைக்கலாம், எவ்விதியையும் இயற்றலாம். இயற்றிய விதியை அவனே மறந்தால், நினைவு வைத்திருந்த இரசிகன் அவமதிக்கப்படுகிறான். எழுதியவர் மறந்ததை அயலவர் வீட்டு முற்றத்திலிருந்த சிறுவர் மறக்கவில்லை என்பதைத் தமிழில் இனி விஞ்ஞானக் கதை படைப்போர் மனங்கொள்ளல் வேண்டும்.