‘லயன் கிங்’ காட்டில் மனிதர்கள் எங்கே?

‘லயன் கிங்’ படத்தை நம்மில் பார்க்காதவர்கள் குறைவு. 1994இல் வந்த அந்தப் படத்தில் சிங்கம், வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கி, கழுதைப்புலி எல்லாம் உண்டு. மனிதர் ஒருவர்கூட இல்லை. அது யாருக்கும் விசித்திரமாகத் தெரிவதும் இல்லை. ஆப்பிரிக்கப் புல்வெளி என்றால் மனிதக் கால் படாத இடம் என்றுதான் சஃபாரி விளம்பரங்களும் நமக்குச் சொல்கின்றன.

அது உண்மையா? அந்தப் புல்வெளிகளில் மிகவும் பெயர்பெற்ற செரெங்கெட்டியின் கதையைப் படித்தபோது எனக்குக் கிடைத்த பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

செரெங்கெட்டி தான்சானியாவின் வடக்கில் இருக்கிறது. தேசியப் பூங்கா மட்டும் 14,763 சதுர கிலோமீட்டர். மாட்டு முகமும் தாடியும் கொண்ட வில்டபீஸ்ட் என்ற மான் வகைதான் இங்கே அதிகம். சுமார் 13 லட்சம். ஆண்டின் தொடக்கத்தில் அவை தெற்கே உள்ள குட்டைப் புல் சமவெளியில் கன்று ஈனும். அந்த மண் எரிமலைச் சாம்பலால் ஆனது. அதில் விளையும் புல்லில் சுண்ணாம்புச் சத்து அதிகம். பால் கொடுக்கும் தாய்களுக்கு அது தேவை. மழை நின்று புல் காய்ந்ததும் மேற்காகவும் வடக்காகவும் நடந்து, மாரா ஆற்றைக் கடந்து கென்யா வரை போகும். மழை வந்ததும் திரும்பும்.

‘செரெங்கெட்டி’ என்ற பெயரே மாசாய் மொழியிலிருந்து வந்தது. முடிவில்லாமல் நீண்டு கிடக்கும் நிலம் என்று பொருள் சொல்வார்கள். பெயர் வைக்க ஆள் இருந்திருக்கிறார்கள் என்பதை இங்கே கவனியுங்கள். மாசாய் மக்கள் மாடு மேய்ப்பவர்கள். மழையைப் பின்தொடர்ந்து மந்தையோடு இடம் மாறுவார்கள். பழைய புல்லுக்குத் தீ வைத்துப் புதுப் புல் முளைக்கச் செய்வார்கள். மாடுகளும் காட்டு விலங்குகளும் ஒரே வெளியில் மேய்ந்தன. அவர்களுக்கு முன்பும் அங்கே வேறு மக்கள் இருந்தார்கள். பக்கத்திலுள்ள லேட்டோலியில் 1978இல் கண்டெடுத்த காலடித் தடங்கள், நம் ஆதி முன்னோர் சுமார் 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அங்கே இரண்டு காலில் நடந்ததைக் காட்டுகின்றன. மனிதருக்கு இதைவிடப் பழைய ஊர் கிடைப்பது கடினம்.

பிறகு எப்படிக் காலியானது? முதல் காரணம் ஒரு மாட்டு நோய். ஆங்கிலத்தில் ரிண்டர்பெஸ்ட். ஊரில் மாடு வளர்த்த தாத்தா பாட்டி யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். ‘வெக்கை நோய்’ என்றால் அவர்களுக்குத் தெரிந்திருக்கலாம். 1880களின் கடைசியில், இத்தாலியப் படையின் காலத்தில், வெளியிலிருந்து கொண்டுவந்த மாடுகளோடு அது ஆப்பிரிக்காவின் வடகிழக்குக் கரையில் இறங்கியது. பத்து ஆண்டுகளுக்குள் கண்டத்தின் தென்கோடி வரை போய்விட்டது. அங்குள்ள மாடுகள் அந்த நோயை அதற்கு முன் கண்டதில்லை. மந்தைகள் கூண்டோடு செத்தன. எருமை, வில்டபீஸ்ட், ஒட்டகச்சிவிங்கியும் தப்பவில்லை.

மாடுதான் மாசாய் மக்களுக்குப் பால், உணவு, செல்வம், சீர் எல்லாம். மாடு போனதும் பஞ்சம் வந்தது. கூடவே பெரியம்மையும் வந்தது. 1892இல் அந்த வழியாகப் போன ஆஸ்திரியப் பயணி ஆஸ்கர் பௌமன், எலும்பும் தோலுமாகத் திரிந்த மக்களைக் கண்டு எழுதினார். மாசாய்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் இறந்திருப்பார்கள் என்பது அவர் கணிப்பு. அந்தக் காலத்தை மாசாய்கள் ‘எமுதாய்’ என்கிறார்கள். அடியோடு துடைத்தழித்தல் என்று பொருள்.

மேய மாடும் இல்லை, தீ வைக்க ஆளும் இல்லை. பல இடங்களில் புதர் மண்டியது. புதரோடு செட்சி ஈ பெருகியது. அது தூக்க நோயைப் பரப்பும். எனவே தப்பிப் பிழைத்தவர்களும் பல இடங்களுக்குத் திரும்ப முடியவில்லை. முதலில் ஜெர்மானியரும் பிறகு பிரிட்டிஷாரும் ஆண்டபோது கண்டது இந்த நிலத்தைத்தான். பேரழிவு நடந்து முடிந்த இடத்தை, ஆதியிலிருந்தே இப்படி இருந்த காடு என்று எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டாவது காரணம் சட்டம். 1951இல் செரெங்கெட்டி தேசியப் பூங்கா ஆனது. அதற்குள் இன்னும் மாசாய்கள் வாழ்ந்தார்கள். ஜெர்மனியின் விலங்கியலாளர் பெர்ன்ஹார்ட் கிரிசிமெக், மகன் மிகாயேலுடன் வரிக்குதிரை போலக் கோடு தீட்டிய சிறு விமானத்தில் பறந்து விலங்குகளை எண்ணினார். 1959 ஜனவரியில் ஒரு பிணந்தின்னிக் கழுகு மோதி விமானம் விழுந்து மிகாயேல் இறந்தார். அவர்கள் எடுத்த ‘செரெங்கெட்டி சாகக் கூடாது’ ஆவணப்படம் ஆஸ்கார் பெற்றது. விலங்குகளுக்காக அந்தக் குடும்பம் கொடுத்த விலை பெரியது. ஆனால் தேசியப் பூங்காவுக்குள் உள்ளூர் மக்கள்கூட வாழக் கூடாது என்பதும் கிரிசிமெக்கின் கொள்கைதான்.

1958இல் 12 மாசாய் பெரியவர்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி மக்கள் பூங்காவை விட்டு வெளியேறினார்கள். பக்கத்திலுள்ள கோரோங்கோரோ, மக்களும் விலங்குகளும் சேர்ந்து வாழும் பகுதியாக 1959இல் அறிவிக்கப்பட்டது.

கதையில் ஒரு திருப்பம் இன்னும் இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் செரெங்கெட்டியில் வில்டபீஸ்ட் இரண்டரை லட்சம் அளவில்தான் இருந்தது. ஆண்டுதோறும் குட்டிகளை வெக்கை நோய் கொன்றது. காட்டு விலங்குகள்தான் நோயைச் சேர்த்து வைத்திருக்கின்றன என்று பலர் நினைத்தார்கள். ஆனால் சுற்றுப்புற மக்களின் மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டதும், ஊசியே போடாத காட்டு விலங்குகளிடமிருந்தும் நோய் மறைந்தது. வில்டபீஸ்ட் எண்ணிக்கை 1970களின் கடைசிக்குள் 13 லட்சத்தைத் தொட்டது. அவை புல்லை மேய்ந்து தீர்த்ததால் காட்டுத் தீ குறைந்தது; தீ குறைந்ததால் இளமரங்கள் பிழைத்தன. இன்று சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கும் அந்த மாபெரும் கூட்டம், மேய்ப்பர்களின் மாடுகளுக்குப் போட்ட ஊசியின் பலன். 2011இல் வெக்கை நோய் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவித்தார்கள். பெரியம்மைக்குப் பிறகு மனிதர் ஒழித்த இரண்டாவது நோய் அது.

கோரோங்கோரோவில் கொடுத்த வாக்கு என்ன ஆனது? 1974இல் எரிமலைப் பள்ளத்தின் அடியில் குடியிருந்தவர்களை வெளியேற்றினார்கள். அடுத்த ஆண்டு விவசாயத்துக்குத் தடை. 2022 முதல் குடும்பங்களைத் தொலைவிலுள்ள முசோமேராவுக்கு அரசு மாற்றி வருகிறது. மக்கள்தொகை கூடிவிட்டது, விலங்குகளைக் காக்க வேண்டும், விரும்பிப் போகிறவர்களைத்தான் அனுப்புகிறோம் என்கிறது அரசு. பள்ளி, மருத்துவம் போன்ற வசதிகளைக் குறைத்துப் போகவைக்கிறார்கள் என்கிறார்கள் மாசாய்கள் பலர்.

செரெங்கெட்டியைக் காக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேலி இல்லாமல் இத்தனை விலங்குகள் நடந்து திரியும் இடம் உலகில் மிகக் குறைவு. ஆனால் ஊரைவிட்டு வந்த குடும்பங்களில் பிறந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். ஒரு நிலத்தில் ஆள் இல்லை என்பதும், அங்கே என்றுமே ஆள் இருந்ததில்லை என்பதும் வேறு வேறு என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என்றாவது அங்கே சஃபாரி போனால், சிங்கம் எங்கே என்று வழிகாட்டியிடம் கேளுங்கள். இந்த இடத்தில் முன்பு யார் மாடு மேய்த்தார்கள் என்றும் கேளுங்கள்.