கிளச்சை மிதித்தும் நிற்காத வண்டி: ரோட்டரி கட்டர் வந்த கதை



"தோப்புல களை வெட்ட ரோட்டரி கட்டர் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். எதுங்க வாங்கட்டும்?" சிறு டிராக்டர் வைத்திருக்கும் நண்பர்கள் பலரும் என்னிடம் இப்படிக் கேட்கிறார்கள். ஒரு காலத்தில் நான் இதற்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடுவேன். இப்போது அப்படிச் சொல்வதில்லை. காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒரு விவசாயி இதே கேள்வியைக் கேட்டார். அவரிடம் இருந்தது 24 குதிரைத்திறன் கொண்ட பழைய சிறு டிராக்டர். "அஞ்சு அடி அகலமா பாத்து வாங்குங்க. வேலை சீக்கிரம் முடியும்" என்றேன். வாங்கினார். முதல் நாள் ஓட்டிப் பார்க்க என்னையும் அழைத்திருந்தார். முழங்கால் உயரக் களை சரசரவென்று விழுந்தது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. வரிசை முடிந்து வாய்க்கால் கரை வந்தது. கிளச்சை மிதித்தார். வண்டி நிற்கவில்லை! பதறிப்போய் பிரேக்கை மிதிப்பதற்குள் கரையோரத் தென்னையில் போய் முட்டியது. கரையில் புல் அறுத்துக்கொண்டிருந்த ஆள் வாய்க்காலுக்குள் குதித்துத் தப்பினார்.

"ஐயா, கிளச்சை நல்லா மிதிச்சேன். வண்டி என்னைத் தள்ளிக்கிட்டே போகுதே!" என்றார் அந்த விவசாயி. அவர் சொன்னது உண்மை. ஆனால் எனக்குப் பதில் தெரியவில்லை. விஞ்ஞானம் படித்தவன் வாயடைத்து நின்றேன். பிறகு தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது: இதே விபத்து அமெரிக்காவில் எழுபது ஆண்டுகளுக்கு முன்பே நடந்து, அதற்கு மாற்றும் கண்டுபிடித்துவிட்டார்கள். வரலாறு தெரிந்திருந்தால் அந்தத் தென்னையில் வண்டி முட்டியிருக்காது. ஆகவே இன்று அந்த வரலாற்றையே உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

கத்தரியும் கம்பும்

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிடுவோம். ரொட்டவேட்டர் வேறு, ரோட்டரி கட்டர் வேறு. ரொட்டவேட்டர் மண்ணைக் கிண்டும். ரோட்டரி கட்டர் மண்ணைத் தொடக்கூடாது. தரைக்கு மேலே நிற்கும் புல், களை, தட்டை, சிறு புதர் ஆகியவற்றை வெட்டி அங்கேயே பரப்பிவிடும். தென்னையின் மேல்வேர் அறுபடாது. வெட்டிய களை மூடாக்காகக் கிடந்து ஈரத்தைக் காக்கும். தோப்புக்காரர்கள் இதை விரும்புவது இதனால்தான்.

புல் வெட்டும் இயந்திரங்கள் ஆரம்பத்தில் எல்லாம் கத்தரி வகைதான். 1830-இல் இங்கிலாந்தில் எட்வின் படிங் என்பவர் புல்தரை வெட்டும் இயந்திரத்துக்கு உரிமம் பெற்றார். துணி ஆலையில் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறை வெட்டும் உருளையைப் பார்த்து அவருக்கு வந்த யோசனை அது. அடுத்த ஆண்டே அமெரிக்காவில் சைரஸ் மெக்கார்மிக் தம் கதிர் அறுக்கும் இயந்திரத்தை ஓட்டிக் காட்டினார். அதில் பல் பல்லான கத்தி முன்னும் பின்னும் ஓடி, விரல் போன்ற இரும்புகளுக்கு இடையே தாளை நறுக்கும்.

கத்தரி வகையில் வெட்டு சுத்தமாக இருக்கும், சக்தியும் குறைவாகவே செலவாகும். ஆனால் ஒரு கல்லோ கட்டையோ உள்ளே சிக்கினால் பல் உடைந்துபோகும். முள்ளும் புதரும் மண்டிய நிலத்தில் அது செல்லாது.

இன்னொரு முறை நம் ஊர்ப் பிள்ளைகளுக்கே தெரியும். ஒரு கம்பை வேகமாக வீசினால் எருக்கஞ்செடி தலை அறுந்து விழும். செடியைப் பிடித்துக்கொள்ள மறுகை வேண்டாம், வேகமே வெட்டுகிறது. ரோட்டரி கட்டரின் தத்துவம் இதுதான். ஆனால் கட்டையான களையை அப்படி வெட்ட கனமான கத்தி வேண்டும், அதை மிக வேகமாகச் சுழற்றவும் வேண்டும். அந்த வேகத்தைக் கொடுக்க மாட்டாலும் முடியாது, குதிரையாலும் முடியாது. டிராக்டரின் பி.டி.ஓ. தண்டு வரும்வரை இந்த யோசனை காத்திருக்க வேண்டியதாயிற்று.

தண்டு வந்தது, ஆபத்தும் வந்தது

பிரான்சு நாட்டில் கூஜீ என்ற விவசாயி, மெக்கானிக் வேலையும் தெரிந்தவர். தம் டிராக்டர் என்ஜினிலிருந்து ஒரு தண்டை இழுத்து, பின்னால் வரும் அறுவடை இயந்திரத்தைச் சுழற்றிக் காட்டினார். அதைப் பார்த்த ஜான்ஸ்டன் என்ற அமெரிக்க என்ஜினியர் மறக்கவில்லை. ஏறக்குறைய பத்தாண்டுகள் கழித்து, 1918-இல், அவர் வேலை பார்த்த இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி பி.டி.ஓ. உள்ள டிராக்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1920களின் நடுவில் அமெரிக்க விவசாயப் பொறியாளர் சங்கம், எந்தக் கம்பெனி கருவியும் எந்த டிராக்டரிலும் பொருந்தும்படி ஒரே அளவு, ஒரே வேகம் என்று வகுத்தது. இன்று உங்கள் டிராக்டரில் 540 என்று எழுதியிருக்கிறதே, அது அந்த ஏற்பாட்டின் வழி வந்த எண். நிமிடத்துக்கு 540 சுற்று.

இதில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 540 என்றால் நொடிக்கு 9 சுற்று. இரண்டரை அங்குலக் கனமுள்ள தண்டு ஒரு சுற்றில் ஏறக்குறைய 8 அங்குலத் துணியைச் சுருட்டும். அப்படியானால் ஒரு நொடியில் 6 அடி. நாலு முழ வேட்டியும் 6 அடிதான்! "ஐயோ" என்று சொல்லும் முன் வேட்டி முழுவதும் தண்டில் இருக்கும், கட்டியிருந்தவரும் அங்கே இருப்பார். மேல்நாட்டில் வேட்டி இல்லை; ஆனால் கோட்டு நுனியும் சட்டைக் கையும் மாட்டி உயிரிழந்தவர்கள், கை இழந்தவர்கள் ஏராளம். தண்டுக்கு மேல் மூடி போடும் வழக்கம் இப்படி வந்ததுதான். அதைத் தொந்தரவு என்று கழற்றி வீசுகிறோமே, அது எத்தனை பேர் பட்ட துன்பத்தின் விலை என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

அயர்லாந்துக்காரரின் மூன்று புள்ளி

அடுத்தது மும்முனை இணைப்பு. 1917-இல் ஹென்றி ஃபோர்டு மலிவான ஃபோர்ட்சன் டிராக்டரைக் கொண்டுவந்தார். கலப்பை ஒரு வேரிலோ பாறையிலோ மாட்டினால் அது முன்பக்கம் தூக்கி, பின்னால் கவிழ்ந்து ஓட்டுநரை நசுக்கிவிடும். அயர்லாந்தைச் சேர்ந்த ஹாரி பெர்குசன் இதற்கு வழி தேடினார். கருவியை மூன்று இடத்தில் டிராக்டரோடு பிணைத்து, எண்ணெய் அழுத்தத்தால் தூக்கி இறக்கும் ஏற்பாட்டுக்கு 1926-இல் உரிமம் பெற்றார். 1938-இல் அவரும் ஃபோர்டும் கைகுலுக்கி ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். எழுத்தில் எதுவும் இல்லை. 1939-இல் 9என் என்ற சிறு டிராக்டர் பிறந்தது. பின்னால் அந்தக் கைகுலுக்கல் வழக்கில் போய் முடிந்தது வேறு கதை. பெர்குசன் கம்பெனி 1953-இல் மாஸி-ஹாரிசோடு சேர்ந்தது. அந்த வழி வந்த மாஸி பெர்குசன் டிராக்டரைத்தான் 1960-இல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனம் இங்கே உற்பத்தி செய்தது. நம் வயல்களுக்கு மும்முனை இணைப்பு வந்த பாதைகளில் இதுவும் ஒன்று.

புதர்ப் பன்றி

தண்டும் தயார், இணைப்பும் தயார். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ரோட்டரி கட்டர் பிறந்தது. இலினாய் மாநிலத்தில் உட் சகோதரர்கள் 1940களின் பிற்பகுதியில் செய்தார்கள். தெற்கே அலபாமா மாநிலத்தின் செல்மா ஊரில் 1951-இல் இன்னொரு கம்பெனி தொடங்கியது. அது தன் இயந்திரத்துக்கு வைத்த பெயர் 'புஷ் ஹாக்', அதாவது புதர்ப் பன்றி. அந்தப் பகுதி பருத்தி பூமி. பருத்தி குறைந்து மேய்ச்சல் நிலமும் மாடும் பெருகிவந்த காலம் அது. கைவிட்ட நிலத்தில் புதர் மண்டியிருந்தது. வேலைக்கு ஆளும் குறைவு. இயந்திரம் பரவியதில் வியப்பில்லை. இன்றும் அமெரிக்க விவசாயி எந்தக் கம்பெனிக் கட்டரையும் புஷ் ஹாக் என்றே சொல்கிறார்.

புதர் நிலத்தில் அடிமரக் கட்டைகள் இருக்குமே, கத்தி உடையாதா? அதற்கும் வழி செய்தார்கள். கத்தியை இறுக்கிப் பூட்டாமல் ஒரே போல்ட்டில் தொங்கவிட்டார்கள். சுழலும்போது வேகத்தில் நீட்டி நிற்கும். கட்டையில் பட்டால் மடங்கிக்கொள்ளும். கியர் பெட்டிக்கு அடியில் தாம்பாளம் போன்ற ஒரு தட்டு வைத்தார்கள். கட்டையின் மேல் அது வழுக்கி ஏறிவிடும். எதிர்க்காமல் விலகிப் போகும் இந்த யோசனை பழையது. 1876-இல் தென் ஆஸ்திரேலியாவில் ஸ்மித் என்பவர், வேர்க்கட்டை வந்தால் தானே மேலே எழும்பித் தாண்டும் கலப்பையை இப்படித்தான் செய்தார்.

இப்போது அந்தத் தென்னைக்கு வருவோம். அமெரிக்காவில் அன்று லட்சக்கணக்கில் இருந்தவை 9என்னும், 1947-இல் வந்த 8என்னும்தான். இவற்றில் பி.டி.ஓ.வும் சக்கரமும் ஒரே கிளச்சுக்குப் பின்னால் பிணைந்தவை. கிளச்சை மிதித்தால் என்ஜின் பிரியும். ஆனால் பின்னால் கனமான கத்தி சுழன்றுகொண்டே இருக்கும். அந்த வேகம் தண்டு வழியாகத் திரும்பி வந்து சக்கரத்தைச் சுற்றும். வண்டியை ஓட்டுவது அப்போது என்ஜின் அல்ல, கத்தி! வேலியில் முட்டியவர்களும் ஓடையில் இறங்கியவர்களும் அங்கேயும் உண்டு. நம் தோப்பில் நடந்ததும் இதுதான்.

மாற்று மிக எளியது. சைக்கிளில் பிரீவீல் இருக்கிறதல்லவா? பெடல் சக்கரத்தைச் சுற்றும். சக்கரம் பெடலைச் சுற்றாது. அதே தத்துவத்தில் ஓவர் ரன்னிங் கிளச்சு என்ற ஒரு துண்டை பி.டி.ஓ. தண்டில் மாட்டினார்கள். கத்தி தன் பாட்டுக்குச் சுற்றி ஓயும், வண்டி நிற்கும். வண்டி நின்றாலும் பி.டி.ஓ. தனியே ஓடும் டிராக்டர்கள் 1940களின் நடுவிலிருந்து, கனடாவின் காக்ஷட் கம்பெனி தொடங்கி, வரலாயின. அவற்றில் இந்தத் தொல்லை இல்லை.

நீங்கள் பார்க்க வேண்டியவை

இவ்வளவு கதையும் எதற்கு? கடையில் போய் நிற்கும்போது பெயிண்டைப் பார்க்காமல், இந்த உறுப்புகளைப் பார்க்கத்தான்.

முதலாவது, உங்கள் டிராக்டரில் பி.டி.ஓ. எப்படி நிற்கிறது என்று கேளுங்கள். கிளச்சை மிதித்தால் இரண்டும் சேர்ந்து பிரியும் வகையானால், ஓவர் ரன்னிங் கிளச்சு இல்லாமல் ஓட்டாதீர்கள். தண்டோடு அது சேர்ந்தே வருகிறதா என்று விசாரியுங்கள்.

இரண்டாவது, அகலம். ஓர் அடி அகலத்துக்கு பி.டி.ஓ.வில் 5 குதிரைத்திறன் என்பது நடைமுறைக் கணக்கு. என்ஜின் திறன் முழுதும் பி.டி.ஓ.வுக்கு வராது, 85 சதம் போல வரும். 24-க்கு 20. ஆக, 4 அடி. நான் 5 அடி சொன்னது தப்பு. பின்சக்கரத்தின் வெளி விளிம்புகளுக்கு இடையே உள்ள அகலத்தை மூடினால் போதும். அதைவிட அகலம் வாங்கினால் கனம் கூடி முன்சக்கரம் லேசாகிவிடும், ஸ்டியரிங் பிடிக்காது.

மூன்றாவது, தண்டில் ஷியர் போல்ட்டோ சிலிப் கிளச்சோ இருக்க வேண்டும். கட்டையில் மோதினால் அது உடைந்தோ வழுக்கியோ கியர் பெட்டியைக் காப்பாற்றும். உடைந்த ஷியர் போல்ட்டுக்குப் பதிலாகக் கையில் கிடைத்த கெட்டி போல்ட்டைப் போடாதீர்கள். பத்து ரூபாய் மிச்சம் பார்த்துக் கியர் பெட்டியை உடைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நான்காவது, கத்தி மடங்குகிறதா, அடியில் தட்டு இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். இதைக் கடையில், டிராக்டரில் மாட்டாமல் இருக்கும்போதே பாருங்கள்.

ஐந்தாவது, முன்னும் பின்னும் சங்கிலித் திரை வேண்டும். 5 அடிக் கட்டரில் கத்தி நிமிடத்துக்கு 800 சுற்று சுற்றினால், அதன் நுனி மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. அதில் பட்ட கல் நூறு அடி தாண்டியும் பாயும். ஆடு மேய்க்கும் பிள்ளை எங்கே நிற்கிறது என்று பார்த்த பிறகே தண்டைச் சுழலவிடுங்கள்.

கடைசியாக, தண்டின் மூடி. அது இல்லாத கருவியை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட்டவும் வேண்டாம்; கால்சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

அந்தத் தோப்புக்காரர் 5 அடிக் கட்டரை நஷ்டத்துக்கு விற்றுவிட்டு, 4 அடியும் பிரீவீல் துண்டும் வாங்கினார். இப்போது நன்றாக ஓடுகிறது. என் பேச்சைக் கேட்டு நஷ்டப்பட்டவர். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "நீங்களும் அன்னிக்குத்தானே கத்துக்கிட்டீங்க" என்று சிரித்தார். எனக்குத்தான் இன்னும் உறுத்துகிறது. அந்த ஆள் வாய்க்காலில் குதிக்கத் தவறியிருந்தால் யாரிடம் போய் என்ன சொல்லியிருப்பேன்?

கருவியில் உள்ள ஒவ்வொரு காப்பும் எங்கோ ஒருவர் அடிபட்ட பிறகு வந்தது. அவர்கள் பட்டது போதும். நாமும் பட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை.