பூயாபேஸ்: ஒரு மீன் குழம்பின் வரலாறு

கடலைப் பார்த்தபடி நாலு மேஜை, வாசலில் ஒரு கரும்பலகை, அதில் சாக்பீஸால் "இன்று பிடித்த மீன்" என்று ஒரு வரி. எந்தக் கடற்கரை ஊருக்குப் போனாலும் இப்படி ஒரு கடை இருக்கும். 'உள்ளூர்ச் சாப்பாடு' என்று சொல்லித்தான் விற்பார்கள். நாமும் நம்பித்தான் சாப்பிடுகிறோம். அது உண்மையில் யார் வீட்டுச் சாப்பாடு, எப்படிக் கடைக்கு வந்தது என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு ஒரே ஒரு ஊரை எடுத்துக்கொண்டு படித்தேன். பிரான்சின் தென்கரையில் உள்ள மார்செய். அங்கே பேர்போன மீன் குழம்புதான் பூயாபேஸ். (நாலு தடவை சொல்லிப் பாருங்கள், வாயில் நுழைந்துவிடும்!)

முதலில் ஒரு கட்டுக்கதையை ஓரங்கட்டிவிடுவோம். இந்த மாதிரிச் சின்னக் கடைகளுக்குப் பிரெஞ்சில் 'பிஸ்ட்ரோ' என்று பெயர். 1814ல் நெப்போலியனைத் தோற்கடித்துப் பாரிசுக்குள் நுழைந்த ரஷ்யச் சிப்பாய்கள் கடைக்காரர்களிடம் "பிஸ்த்ரா, பிஸ்த்ரா" (சீக்கிரம், சீக்கிரம்) என்று கத்தினார்களாம், அதிலிருந்து வந்த பெயராம். பாரிசின் மோன்மார்த்ர் பகுதியில் ஒரு கடைச் சுவரில் இதைப் பலகையாகவே பதித்து வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தச் சொல் பிரெஞ்சு எழுத்தில் தலைகாட்டுவதே 1880களில்தான். நடுவில் எழுபது வருஷம் அது எங்கே ஒளிந்திருந்ததாம்? 'ரெஸ்டாரன்ட்' கதைதான் நிஜம். 18ஆம் நூற்றாண்டுப் பாரிசில் அந்தச் சொல்லுக்கு உடம்பைத் தேற்றும் சூப் என்று பொருள். சூப் விற்ற கடைக்கே பிறகு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

சரி, மார்செய்க்கு வருவோம். கி.மு. 600 வாக்கில், இன்றைய துருக்கிக் கரையில் இருந்த ஃபோக்கயா என்ற ஊரிலிருந்து வந்த கிரேக்கர்கள் உருவாக்கிய துறைமுகம் இது. அதனால் பூயாபேஸுக்கும் 2600 வயது என்று ஊர்க்காரர்கள் பெருமை பேசுவார்கள். வீனஸ் தேவதை தன் கணவன் வல்கனைத் தூங்க வைக்க இதைத்தான் சமைத்துக் கொடுத்தாள் என்று ஒரு கதை வேறு! குழம்பில் கிடக்கும் தக்காளியையும் உருளைக்கிழங்கையும் பார்த்தாலே இந்தப் பெருமை ஆட்டம் கண்டுவிடும். இரண்டுமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. கொலம்பஸுக்கு முன் ஐரோப்பாவில் ஒருவரும் அவற்றைப் பார்த்ததில்லை.

கிரேக்கர்களும் மீனைத் தண்ணீரில் வேக வைத்துத்தான் இருப்பார்கள். கடலோரத்தில் இருக்கும் யார்தான் செய்யவில்லை? ஆனால் இன்று நாம் பூயாபேஸ் என்று சொல்வது மீனவர் பானையிலிருந்து வந்தது. நல்ல மீனெல்லாம் விற்றுப் போய்விடும். கூடையின் அடியில் மிஞ்சுவது பாறை இடுக்கில் வாழும் மீன்கள். அதில் முக்கியமானது ரஸ்காஸ். உடம்பெல்லாம் முள், முள்ளில் விஷம், பார்க்கவும் லட்சணமில்லை, சதையும் குறைவு. காசு கொடுத்து யார் வாங்குவார்கள்? அதைக் கரையிலேயே ஒரு பானையில் போட்டுக் கொதிக்க வைத்து, காய்ந்த ரொட்டித் துண்டின் மேல் ஊற்றிச் சாப்பிட்டார்கள். அந்த முள் மீனிலிருந்துதான் குழம்புக்குக் கெட்டியும் ருசியும் வருகிறது என்பது பிறகு சமையல்காரர்கள் கண்டுகொண்ட ரகசியம்.

பெயரும் அந்த வட்டாரப் பேச்சிலிருந்து வந்ததுதான். கொதிப்பது, தணிப்பது என்ற இரண்டு ஆக்சிதான் வினைச்சொற்கள் சேர்ந்தது. ஆனால் செய்முறையைப் படித்தால் தீயைத் தணிக்கவே கூடாது என்கிறார்கள். தளதளவென்று கொதித்தால்தான் ஆலிவ் எண்ணெயும் தண்ணீரும் ஒன்றாகக் கலக்குமாம். கெட்டி மீன் முதலில், மெல்லிய மீன் கடைசியில்.

பானையிலிருந்து மேஜைக்கு எப்படி வந்தது? இதில் வேடிக்கை, அது மார்செய்க்கு வெளியேதான் முதலில் பெரிய பெயர் வாங்கியது. 1786ல் தெற்கிலிருந்து போன மூன்று பேர் பாரிசில் 'மூன்று ப்ரோவான்ஸ் சகோதரர்கள்' என்ற பெயரில் உணவகம் திறந்தார்கள். (உண்மையில் சகோதரர்கள் இல்லை!) தெற்கத்திச் சாப்பாட்டைத் தலைநகரத்துக்குப் பழக்கியது அந்தக் கடை. 1830ல் நீம் நகரத்துச் சமையல்காரர் துரான் எழுதிய புத்தகத்தில் பூயாபேஸ் இருக்கிறது, ஆனால் விலை உயர்ந்த மீனும் கல்லிறாலும் போட்டு. விற்காத மீனின் குழம்பு என்பதே அதற்குள் மறந்துவிட்டது பாருங்கள். 1849ல் ஆங்கில எழுத்தாளர் தாக்கரே இந்தக் குழம்பைப் பற்றி ஒரு கவிதையே எழுதினார். அவர் சாப்பிட்ட கடையும் பாரிசில்தான்.

மார்செய்க்கு 1848ல் சென் ஷார்ல் ரயில் நிலையம் வந்தது. அடுத்த சில வருஷங்களில் பாரிசிலிருந்து நேராக ரயிலில் வந்து இறங்கலாம் என்றானது. துறைமுகத்தைச் சுற்றிக் கடைகள் பெருகின. 'மான்டி கிறிஸ்டோ' கதை படித்தவர்களுக்கு எட்மண்ட் டான்டேயின் நிச்சயதார்த்த விருந்து ஞாபகம் இருக்கும். அது நடப்பது மார்செயில் கடலைப் பார்த்த ஒரு கடையில்தான். நாவல் 1844ல் தொடராக வர ஆரம்பித்தது. கடலோரம் உட்கார்ந்து நண்டு, சிப்பி சாப்பிடுவது அப்போதே ஒரு கொண்டாட்டமாகிவிட்டது.

1897ல் ரெபூல் எழுதிய ப்ரோவான்ஸ் சமையல் புத்தகம் பூயாபேஸுக்கு ஓர் இலக்கணம் கொடுத்தது. இதை வைத்து ஒரு நல்ல கதை இருக்கிறது. 1953ல் அமெரிக்கச் சமையல் எழுத்தாளர் ஜூலியா சைல்ட் மார்செயில் குடியேறினார். தக்காளி போடவே கூடாது என்று ஒரு பிரெஞ்சுப் பெண்மணி அவரிடம் அடித்துச் சொன்னாராம். ஜூலியா ரெபூலைப் புரட்டினால் தக்காளி இருக்கிறது! உள்ளூர்க்காரர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைப்பவர்கள் கவனிக்க.

இனிமேல்தான் நான் சிரிக்க முடியாமல் படித்த பகுதி. பழைய துறைமுகத்தின் வடகரையில் சென் ழான் என்ற குடியிருப்பு இருந்தது. குறுகலான சந்துகள், மீனவர்கள், இத்தாலியிலிருந்து வந்த ஏழைகள், யூதர்கள், கப்பல் கூலிகள். 1943 ஜனவரியில் ஜெர்மானியர்களும், அவர்களுக்குத் துணை போன பிரெஞ்சுப் போலீசும் அங்கே புகுந்தார்கள். சுமார் 20,000 பேர் வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். 1,642 பேர் ரயிலில் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். அதில் ஏறக்குறைய பாதிப் பேர் யூதர்கள். பிப்ரவரியில் டைனமைட் வைத்துச் சுமார் 1,500 கட்டடங்களைத் தகர்த்தார்கள். பூயாபேஸ் பானை கொதித்த அடுப்புகள் எத்தனை அதில் போயிருக்கும்! போருக்குப் பிறகு அங்கே ஃபெர்னான் பூயோன் என்ற கட்டடக் கலைஞர் புதுக் கட்டடங்களை எழுப்பினார். இன்று அந்தக் கட்டடங்களின் கீழே வரிசையாக உணவகங்கள். கடலைப் பார்த்து மேஜை போட்டிருக்கிறார்கள். படத்தில் பார்த்தால் அவ்வளவு அழகு. அங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று தெரியவில்லை.

சுற்றுலாக் கூட்டம் வர வர, ஏதோ மீன் சூப்பை ஊற்றிப் பூயாபேஸ் என்று விற்பது பெருகியது. பொறுக்க முடியாமல் 1980ல் மார்செய் உணவகக்காரர்கள் சிலர் சேர்ந்து 'பூயாபேஸ் சாசனம்' ஒன்று போட்டார்கள். பட்டியலில் உள்ள மீன்களில் நாலு வகையாவது இருக்க வேண்டும். குங்குமப்பூ, பூண்டு, சோம்புச் செடி, ஆலிவ் எண்ணெய் எல்லாம் உண்டு. தொட்டுக்கொள்ள 'ரூயி' என்ற கார விழுது. மீனைச் சாப்பிடுபவர் கண் முன்னால்தான் துண்டு போட வேண்டும். நியாயமான சாசனம்தான், குறை சொல்ல மாட்டேன். இல்லையென்றால் டின்னில் அடைத்த சூப்புக்கே அந்தப் பெயர் நிலைத்திருக்கும். ஆனால் ரஸ்காஸ் இப்போது தேடி வாங்கும் மீன். சாசனப்படி சமைக்கும் கடைகளில் ஒருவருக்கு 70 யூரோவைத் தாண்டுகிறது. சில கடைகளில் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும், இரண்டு பேராவது சேர்ந்து வர வேண்டும். காலையில் படகில் மீன் கொண்டுவருகிறவர் மதியம் அந்த மேஜையில் உட்கார முடியுமா?

பழைய துறைமுகத்தில் காலையில் இன்னும் மீன் சந்தை கூடுகிறது, முன்பைவிடச் சின்னதாக. விரல் நீளப் பாறை மீன்களைத் தரம் பிரிக்காமல் கலந்து, 'சூப் மீன்' என்று ஒரு குவியலாக விற்கிறார்கள். சாசனப் பட்டியலில் சேராத பொடிசுகள். உள்ளூர்க்காரர்கள் அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், முள்ளோடு வேக வைத்து, மசித்து, வடிகட்டி, காய்ந்த ரொட்டியின் மேல் ஊற்றிச் சாப்பிடுகிறார்கள்.