அக்கா வீட்டுச் சுவரில் ஐந்து வரி

மட்டக்களப்புக் கல்லடியில் அக்கா வீட்டு ரௌட்டருக்கு மேலே, சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். கூகுள் ஃபோட்டோஸையும் வீட்டு வைஃபையையும் அவர் தானே கையாள வேண்டும் என்று எழுதியது. ஐந்தே வரி. சுருக்கி எழுதியதால் வரிக்கு வரி கேள்வி வந்தது. அவருக்குச் சொன்ன பதில்களே இந்த உரை.

‘படம் எடுக்கிறது பாதி வேலைதான்.’

மற்றப் பாதி, அந்தப் படம் வேறோர் இடத்துக்குப் போய்ச் சேர்வது. 2004 டிசம்பர் 26 காலை நாவலடியிலும் கல்லடியிலும் கடல் ஏறியபோது ஆட்களோடு அல்பங்களும் போயின. அக்காவின் கலியாண அல்பமும் போனது. இன்று அந்தக் கலியாணத்துக்கு எஞ்சியிருப்பது ஒரே ஒரு படம். சுவிஸில் இருந்த பெரியம்மாவுக்கு முன்பே தபாலில் அனுப்பியது. ‘வேறோர் இடம்’ என்று நான் சொல்வது இதைத்தான். போனுக்குள் இருக்கும் மெமரி கார்டு வேறோர் இடம் ஆகாது. போன் வாவிக்குள் விழுந்தால் கார்டும் கூடவே போகும்.

‘பதினைஞ்சு ஜீபீதான், கவனம்.’

2015 மே மாதம் கூகுள் ஃபோட்டோஸ் செயலி வந்தபோது, ‘உயர்தரம்’ என்ற அளவில் எத்தனை படமும் இலவசமாக ஏற்ற முடிந்தது. 2021 ஜூன் 1 முதல் அந்தச் சலுகை இல்லை. அதற்கு முன் அந்த அளவில் ஏற்றியவை கணக்கில் வரா. பின் ஏற்றுபவை எல்லாம் 15 ஜீபீக்குள் அடங்க வேண்டும். ஜிமெயிலுக்கும் டிரைவுக்கும் அதே 15தான். ‘ஸ்டோரேஜ் சேவர்’ என்று இப்போது காண்பது பழைய உயர்தரமே: 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்ட படத்தை அந்த அளவுக்குக் குறைத்து வைக்கும். சுவரில் மாட்டும் படத்துக்கு அது தாராளம். இடத்தைத் தின்பது வீடியோ.

‘ரௌட்டரை அலுமாரிக்குள்ள வைக்காதீங்க.’

பிள்ளைகள் கை படக்கூடாதென்று அக்கா அதை இரும்பு அலுமாரிக்குள் வைத்திருந்தார். இரும்பு அலையை மறிக்கும். சிம் போடும் ரௌட்டருக்கு இரண்டு வேலை: கோபுரத்தோடு பேசுவது, வீட்டுப் போன்களோடு பேசுவது. அலுமாரிக்குள் இரண்டுமே கெடும். அதிலும் படம் ஏற்றுவது வெளியே போகும் வழி; வீட்டு இணைப்புகளில் உள்ளே வரும் வழியைவிட அது பெரும்பாலும் ஒடுக்கமானது. படம் பார்க்கும்போது தெரியாத குறை ஏற்றும்போது தெரிவது இதனால்தான். வாவிப் பக்க யன்னலுக்கு அருகே, உப்புக் காற்று நேரே படாமல், உயரத்தில் வைத்தோம். சிக்னல் இரண்டு கோட்டிலிருந்து நாலானது. வைஃபை பெயர் இரண்டு தெரிந்தால், 5 கிகாஹேர்ட்ஸ் வேகமானது, ஆனால் சீமெந்துச் சுவர் தாண்டினால் களைத்துவிடும், 2.4 மெதுவானது, குசினிவரை எட்டும். படுக்கையறைப் போனுக்கு 2.4ஐயே கொடுத்தேன்.

‘ராவைக்கு ஏத்துங்க.’

இங்கே பல பக்கேஜ்களில் நள்ளிரவுக்குப் பின் தனி டேட்டா உண்டு. பகலில் ஏற்றினால் பிள்ளைகளின் ஸூம் வகுப்புக்குப் போதாது. செயலியில் மொபைல் டேட்டாவை நிறுத்தி, போனைச் சார்ஜில் போட்டு, பற்றரி சேமிப்பையும் நிறுத்திவிட்டுப் படுக்க வேண்டும்.

‘அழிக்கிறது வேற, இடம் விடுறது வேற.’

உயிர்நாடியான வரி இது. ஏறிய படத்தைச் செயலிக்குள் அழித்தால் போனிலும் போகும், கூகுளிலும் போகும். குப்பையில் 60 நாள் கிடக்கும், அதன்பின் இல்லை. செயலியில் உள்ள ‘இடம் விடுவது’ என்ற வசதி, ஏற்கெனவே ஏறியவற்றின் போன் பிரதியை மட்டும் நீக்கும். போன் நிரம்பியதும் கை முதலில் போவது அழிப்பதற்குத்தான். அதனால் இந்த வரியைச் சிவப்பு மையில் எழுதினேன்.

போன மாதம் போனபோது தாளில் ஆறாவது வரி இருந்தது, அக்காவின் கையெழுத்தில்: ‘பெரியம்மாட படத்தையும் ஏத்தினாச்சு.’