காப்பிக் கொட்டையும் 1942-ம் வருஷச் சட்டமும்

மூலக்குளத்துல உக்காந்துகிட்டு, சிக்மகளூர் தோட்டத்துல போன வாரம் வறுத்த கொட்டையை போன்ல ஆர்டர் பண்றோம். கூரியர்ல வந்துடுது. 1990-ல் இது முடியாது. காரணம் தபால் இல்லைங்க, சட்டம்.

இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பியச் சந்தை அடைபட்டு, காப்பி விலை விழுந்தது. தோட்டக்காரர்களைக் காப்பாற்ற 1942-ல் காப்பிச் சட்டம் வந்தது. வீட்டுச் செலவுக்கும் விதைக்கும் போக, விளைஞ்சதை எல்லாம் காப்பி போர்டிடம் ஒப்படைக்கணும். போர்டு அதை மொத்தமாச் சேர்த்து ஏலம் விடும். போர் 1945-ல் முடிஞ்சது, இந்த ஏற்பாடு முடியல! பக்குவமாப் பறிச்சுக் காய வெச்சவர், தன் தோட்டத்துப் பேரைச் சொல்லி நம்மகிட்ட விற்க வழியே இல்லை.

அப்போ பல வீடுகள்ல பச்சைக் கொட்டை வாங்கி, வாணலியில் வறுத்து, கை மிஷின்ல அரைச்சாங்க. காப்பி புதுசுதான். எந்தத் தோட்டத்துதுன்னு மட்டும் யாருக்கும் தெரியாது.

1992-ல் கட்டு தளர ஆரம்பிச்சு, 1996-ல் முழுசா விலகுச்சு. இன்னைக்குத் தோட்டக்காரரே வறுத்து அனுப்புறார்னா அதனாலதான்.

வாங்கும்போது காலாவதித் தேதியை விட வறுத்த தேதியைப் பாருங்க. கொட்டையா இருந்தா சில வாரம் மணம் நிக்கும், பொடி சில நாள்லயே வாசம் போயிடும்.

டாக்டரா ஒண்ணு: சிக்கரியில் கஃபீன் கிடையாது, கலவையில் 49 சதவீதம் வரை சிக்கரி இருக்கலாம். வெறும் கொட்டைக்கு மாறினா அதே டம்ளர்ல கஃபீன் கூடும். படபடப்பு, தூக்கக் குறைவு இருக்கிறவங்க டிக்காஷனைக் குறைச்சுக்கோங்க.