வீட்டு இசை வழங்கியில் தேடல் வேகம்: வரலாறும் சீராக்கமும்

வீட்டு இசை வழங்கி (மியூசிக் சர்வர்) என்பது ஒரு குடும்பத்தின் பாடல் சேகரிப்பு முழுவதையும் ஒரே கணினியில் வைத்து, வீட்டின் எந்த அறையிலிருந்தும் கேட்க உதவும் மென்பொருள். ஸ்லிம்சர்வர், ஆம்பேச், சப்சோனிக், ஜெல்லிஃபின், நேவிட்ரோம் முதலியவை இவ்வகையைச் சேர்ந்தவை. சேகரிப்பு பெருகும்போது இவற்றில் தேடல் மெதுவாவது பரவலாகக் காணப்படும் குறை. கணினி பழையது என்பதே காரணமாகப் பலராலும் கருதப்படுகிறது. ஆனால் பல வேளைகளில் பாடல்களுக்கு முறையான அடைவு இல்லாமையோ, இருக்கும் அடைவு தமிழ் எழுத்துக்குப் பொருந்தாமையோ உண்மைக் காரணமாக இருக்கிறது. தமிழ்ப் பாடல்களைப் பொறுத்தவரை தேடல் மெதுவாவதுடன் சிக்கல் முடிவதில்லை. சேகரிப்பில் இருக்கும் பாடலே இல்லை என்று விடை வருவதும் உண்டு.

அடைவு என்னும் கருத்து

ஒரு பொருளைத் தேட இரண்டு வழிகள் உள்ளன. தொடக்கம் முதல் இறுதிவரை ஒவ்வொன்றாகப் பார்ப்பது ஒன்று. முன்கூட்டியே வரிசைப்படுத்தி வைத்து, வேண்டிய இடத்துக்கு நேரே செல்வது மற்றொன்று. தமிழில் இவ்விரு முறைகளுக்கும் நீண்ட வரலாறு உண்டு.

நிகண்டுகள் செய்யுளால் ஆனவை. அவற்றை மனப்பாடம் செய்தவருக்கே சொல் உடனே கிட்டும். 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிதம்பர இரேவண சித்தர் இயற்றிய அகராதி நிகண்டு சொற்களை முதலெழுத்து வரிசையில் வைத்தது. மதுரை மிஷனைச் சேர்ந்த வீரமாமுனிவர் 1732-இல் தொகுத்த சதுரகராதி, பெயர், பொருள், தொகை, தொடை என்னும் நான்கு பகுதிகளிலும் அகர வரிசையைப் பின்பற்றியது. அச்சு நூல்கள் பெருகிய பின் பாடல் தொகுப்புகளின் இறுதியில் செய்யுள் முதற்குறிப்பு அகராதியைச் சேர்ப்பது வழக்கமாயிற்று. பாடலின் முதற்சொல் தெரிந்தால் பக்கத்தை உடனே எடுக்கலாம்.

கருநாடக இசையில் கடபயாதி முறை இன்னொரு வழியைக் காட்டுகிறது. இம்முறையில் ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் ஓர் எண் உண்டு. மேளகர்த்தா இராகப் பெயரின் முதலிரண்டு எழுத்துகளுக்குரிய எண்களை இடம் மாற்றிப் படித்தால், 72 மேளங்களில் அந்த இராகத்தின் வரிசை எண் வரும். மாயாமாளவகௌளையில் 'மா' 5, 'யா' 1. மாற்றிப் படித்தால் 15. மேசகல்யாணியில் 'மே' 5, 'ச' 6. மாற்றிப் படித்தால் 65. பட்டியலைப் புரட்டாமலே பெயரிலிருந்து இடத்தைக் கணக்கிடும் முறை இது. இன்றைய தரவுத்தளங்களிலும் இதே கருத்தில் அமைந்த அடைவு வகை பயன்படுகிறது.

மதுரை வட்டாரச் சேகரிப்புகள்

மதுரை இசைக்குப் பெயர்பெற்ற நகரம். எம். எஸ். சுப்புலட்சுமி (1916–2004), டி. எம். சௌந்தரராஜன் (1922–2013) இருவரும் இங்குப் பிறந்தவர்கள். மதுரை மணி ஐயர் (1912–1968), மதுரை சோமு (1919–1989) ஆகியோர் ஊரின் பெயரைத் தம் பெயரோடு கொண்டவர்கள். இவர்களின் பாடல்கள் இசைத்தட்டுகளாகவும், வானொலி ஒலிபரப்பாகவும், பின்னர் ஒலிநாடாக்களாகவும் வீடுகளை அடைந்தன.

நகருக்கு மேற்கே, தேனி சாலையில், நாகமலையின் அடிவாரத்தில் உள்ள ஊர் நாகமலை புதுக்கோட்டை. 1966-இல் தொடங்கப்பட்டு 1978-இல் காமராசர் பெயரைப் பெற்ற மதுரை காமராசர் பல்கலைக்கழகம் இதன் அருகில் உள்ளது. இதைப் போன்று ஆசிரியர்களும் அலுவலர்களும் வாழும் புறநகர்ப் பகுதிகளில் 1980-களின் ஒலிநாடாக்கள் நிறைந்த அலமாரிகள் அரிதல்ல. அக்காலத்தில் விருப்பப் பாடல்களின் பட்டியலைக் கடையில் கொடுத்து, வெற்று நாடாவில் பதிவுசெய்து வாங்குவது வழக்கம். கடைக்காரரிடம் படத்தின் பெயர் வாரியாக எழுதிய நோட்டு இருக்கும். நாடாப் பெட்டியின் அட்டையில் பாடல்களின் முதலடிகள் பேனாவால் எழுதப்பட்டிருக்கும். அந்த நோட்டும் அட்டையுமே அன்றைய அடைவுகள். நாடாக்களைக் கணினிக்கு மாற்றியபோது ஒலி மட்டும் மாறி, அட்டையில் இருந்த செய்தி பல கோப்புகளில் விடுபட்டது. 'பாடல் 01', 'பாடல் 02' என்ற பெயர்களோடு நிற்கும் கோப்புகள் இவ்வாறு உண்டானவை.

இசை வழங்கிகளின் தோற்றம்

எம்பி3 கோப்பில் பாடலின் பெயர், பாடியவர், தொகுப்பு ஆகியவற்றை எழுதிவைக்கும் ஐடி3 குறிப்பு முறையை எரிக் கெம்ப் 1996-இல் உருவாக்கினார். அதன் முதல் வடிவம் கோப்பின் இறுதியில் 128 பைட் இடத்தை எடுத்துக்கொண்டது. பாடலின் பெயருக்கு 30 பைட், பாடியவர் பெயருக்கு 30 பைட். இலத்தீன் எழுத்துக்கு இது ஓரளவு போதும். யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் தேவை. எனவே 30 பைட்டில் 10 குறிகளே அடங்கும். 'டி. எம். சௌந்தரராஜன்' என்ற பெயருக்கு மட்டும் 50 பைட்டுக்கும் மேல் வேண்டும். தமிழ்ப் பாடல்களின் விவரங்கள் ஆங்கில எழுத்திலேயே எழுதப்பட்டதற்கு இந்த இடக்குறைவும் ஒரு காரணம். 1998-இல் வந்த இரண்டாம் வடிவம் இந்த எல்லையை நீக்கியது. 2000-இல் வந்த அதன் 2.4 பதிப்பு யுடிஎஃப்-8 முறையை ஏற்றது.

வீட்டு வழங்கிகளில் முன்னோடியானது ஸ்லிம்சர்வர். ஸ்லிம் டிவைசஸ் நிறுவனம் 2001-இல் வெளியிட்ட வலைவழி இசைக் கருவிக்காக இது எழுதப்பட்டது. 2006-இல் லாஜிடெக் அந்நிறுவனத்தை வாங்கியது. மென்பொருள் பல பெயர்களைக் கடந்து 2024-இல் லைரியன் மியூசிக் சர்வர் ஆயிற்று. இதன் தரவுத்தளம் ஒரு காலத்தில் மைஎஸ்கியூஎல் ஆக இருந்து, பின்னர் எஸ்கியூலைட் ஆனது. முழு உரைத் தேடலுக்கென்று ஒரு துணை நிரலும் பிற்காலத்தில் சேர்ந்தது. தேடலின் வேகம் பயனர்களுக்கு எவ்வளவு முக்கியமாக இருந்தது என்பதை இம்மாற்றங்கள் காட்டுகின்றன.

தேடல் மெதுவாவதன் காரணங்கள்

சேகரிப்பில் 40,000 பாடல்கள் இருப்பதாகக் கொள்வோம். அடைவு இல்லாவிட்டால், ஒரு சொல்லைத் தேட 40,000 பதிவுகளையும் கணினி படிக்க வேண்டும். அகர வரிசையில் அடைவு இருந்தால், நடுவில் பார்த்து, வேண்டிய பாதியை மட்டும் எடுத்து, மீண்டும் அதன் நடுவில் பார்க்கலாம். இவ்வாறு 16 முறை பாதியாக்குவதற்குள் பாடல் கிடைத்துவிடும். ருடால்ஃப் பேயர், எட்வர்டு மெக்கிரைட் ஆகியோர் 1970-களின் தொடக்கத்தில் வெளியிட்ட பி-மரம் என்னும் அமைப்பு இக்கருத்தின் வளர்ச்சி. எஸ்கியூலைட் உள்ளிட்ட பல தரவுத்தளங்கள் இதையே அடிப்படையாகக் கொண்டுள்ளன.

வரிசை அடைவு சொல்லின் தொடக்கம் தெரிந்தால் மட்டுமே உதவும். 'ராஜன்' என்று தட்டி, அது பெயரின் எந்தப் பகுதியில் வந்தாலும் காட்டு என்று கேட்டால், வழங்கி மீண்டும் முழுப் பட்டியலையும் படிக்கும். அகராதியில் 'ம'வில் தொடங்கும் சொற்களை எடுப்பது எளிது. 'ம'வில் முடியும் சொற்களை எடுக்க நூல் முழுவதையும் புரட்ட வேண்டும் என்பதைப் போன்றது இது.

வேறு காரணங்களும் உள்ளன. பயன்படாத நேரத்தில் வன்தட்டு சுழலாமல் நின்றுவிடும். முதல் தேடலின்போது அது மீண்டும் சுழலச் சில நொடிகள் ஆகும். மெமரி கார்டில் இயங்கும் சிறு கணினிகள் சிதறிய சிறு பகுதிகளைப் படிப்பதில் பின்தங்கும். புதிய பாடல்களைச் சேர்க்கும் பணி பின்னணியில் நடந்துகொண்டிருந்தால் தேடல் காத்திருக்கும். சில செயலிகள் ஒவ்வோர் எழுத்தைத் தட்டும்போதும் ஒரு புதிய தேடலை அனுப்புகின்றன. தரவுத்தளத்தில் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால், சில வேளைகளில் அடைவு பழுதாகலாம்.

தமிழ் எழுத்தால் வரும் சிக்கல்கள்

யூனிகோடின் முதல் பதிப்பிலேயே, 1991-இல், தமிழ் இடம்பெற்றது. ஆனால் நெடுங்காலம் எழுத்துருவைச் சார்ந்த பல குறியீட்டு முறைகள் வழங்கின. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்னும் முறைகள் அறிவிக்கப்பட்டன. இணையத் தமிழர் பலர் திஸ்கி முறையைப் பயன்படுத்தினர். 1998 பொங்கலன்று கு. கல்யாணசுந்தரம் தொடங்கி, சங்கம் இருந்த நகரின் பெயரைப் பெற்ற மதுரைத் திட்டத்தின் மின்னூல்களும் திஸ்கியில் வெளிவந்து, பின்னர் யூனிகோடுக்கு மாற்றப்பட்டன. தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடை ஏற்றது. பழைய குறியீட்டில் பெயரிட்ட பாடல்கள், மாற்றப்படாவிட்டால் புதிய தேடலில் அகப்படுவதில்லை.

யூனிகோடுக்குள்ளும் வேறுபாடுகள் உண்டு. 'கொ' என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. யூனிகோடு இயல்பாக்கம் என்னும் முறை இவற்றை ஒன்றாக்கும். ஆனால் 'சௌ' என்பதற்குப் பதிலாக 'செ'வை அடுத்து 'ள' எழுதப்பட்டிருந்தால் இயல்பாக்கம் உதவாது. கணினிக்கு அது வேறு எழுத்து. சௌந்தரராஜனின் பாடல்கள் ஒரே சேகரிப்பில் இரு பாடகர்களின் பாடல்களாகப் பிரிந்து கிடப்பதற்கு இது போதும். சௌந்தரராஜன், சௌந்திரராஜன், டி.எம்.எஸ். என்னும் எழுத்து வேறுபாடுகளும், ஆங்கில எழுத்தில் உள்ள பல வடிவங்களும் இதனோடு சேர்கின்றன. 'மதுரை' என்று தேடினால் மணி ஐயரும் சோமுவும் வருவர். எம். எஸ். சுப்புலட்சுமி வரமாட்டார். அவர் பெயரின் முதலெழுத்து மதுரையைக் குறிக்கிறது என்பது கணினிக்குத் தெரியாது.

சொற்பிரிப்பும் ஒரு சிக்கல். எஸ்கியூலைட்டின் முழு உரைத் தேடலில் யூனிகோட்61 என்னும் சொற்பிரிப்பி, இயல்பு அமைப்பில், எழுத்துகளையும் எண்களையும் மட்டுமே சொல்லின் உறுப்பாகக் கொள்கிறது. தமிழின் உயிர்க்குறிகளும் புள்ளியும் யூனிகோடில் வேறு வகையில் சேர்க்கப்பட்டுள்ளன. ஆகவே அவை இடைவெளி போலக் கருதப்படுகின்றன. 'மதுரை' என்ற சொல் 'மத', 'ர' என்று இரண்டாக உடைகிறது. 'மதுரா'வும் அவ்வாறே உடைகிறது. இதனால் மதுரையைத் தேடுபவருக்கு மதுராவும் கிடைக்கும். 'ர' போன்ற ஓரெழுத்துத் துண்டுகள் எண்ணற்ற பதிவுகளில் வருவதால் தேடலின் வேலையும் கூடுகிறது. உயிர்க்குறிகளைச் சொல்லின் உறுப்பாகச் சேர்த்து அமைத்தாலோ, 2020 இறுதியில் எஸ்கியூலைட்டில் சேர்ந்த மூன்றெழுத்து அடைவைப் பயன்படுத்தினாலோ இக்குறை நீங்கும்.

சீராக்கும் முறை

முதலில் குறை எங்கே என்று பிரித்தறிய வேண்டும். பாடல் தடையின்றி ஒலித்து, தேடல் மட்டும் மெதுவானால் வீட்டு வலையமைப்பின் மீது ஐயம் குறைவு. முதல் தேடல் மெதுவாகவும் அடுத்தது விரைவாகவும் இருந்தால், வன்தட்டு நின்று எழுவது காரணமாகலாம். அதன் உறக்க நேரத்தை மாற்றிப் பார்க்கலாம். எல்லாத் தேடலும் ஒரே அளவு மெதுவானால் அடைவை ஆராய வேண்டும். சேகரிப்பு கூடக்கூட வேகம் அதே விகிதத்தில் குறைந்தால், முழுப் பட்டியலும் படிக்கப்படுகிறது என்று கொள்ளலாம்.

அடுத்து, தரவுத்தளக் கோப்பை வேறிடத்தில் படியெடுத்து வைக்க வேண்டும். விருப்பப் பட்டியல்களும் மதிப்பீடுகளும் அதில் இருக்கலாம். அதன் பின் மென்பொருளின் அமைப்பில் உள்ள முழு மறுவாசிப்பை ஒருமுறை நடத்தினால் அடைவு புதிதாக உருவாகும். இதை இரவில் விட்டுவிடுவது நல்லது. பாடல் கோப்புகள் வன்தட்டிலேயே இருக்க, தரவுத்தளத்தை மட்டும் எஸ்எஸ்டிக்கு மாற்றுவது குறைந்த செலவில் பயன் தரும். மின்தடை மிகுந்த இடங்களில் வழங்கியை யுபிஎஸ் வழியாக இயக்குவது அடைவைக் காக்கும்.

இறுதியாகச் செய்ய வேண்டியது பாடல் குறிப்புகளைத் திருத்துவது. பாடியவர் பெயருக்கு ஒரே எழுத்து வடிவத்தைத் தேர்ந்து எல்லாப் பாடல்களுக்கும் இடவேண்டும். 'சௌ' போன்ற இடங்களில் உரிய குறி உள்ளதா என்று பார்க்க வேண்டும். பாடலின் பெயராக அதன் முதலடியை இடுவது தமிழ் மரபுக்கு இசைந்தது. சொல்லின் தொடக்கத்தைக் கொண்டு தேடும் அடைவுக்கும் அதுவே ஏற்றது. ராபர்ட் கே 2000-இல் தொடங்கிய மியூசிக்பிரெயின்ஸ் என்னும் பொதுத் தரவுத்தளம் ஒருவருக்கே பல மாற்றுப்பெயர்களை இணைக்க இடம் தருகிறது. தமிழ்ப் பெயர்கள் அங்குச் சேர்க்கப்படும்போது, அதைப் பயன்படுத்தும் பிற சேகரிப்புகளுக்கும் அது உதவும்.

முக்கியத்துவம்

புதிய கணினி வாங்குவதால் முழுப் பட்டியலைப் படிக்கும் நேரம் குறையலாம். தவறான எழுத்தில் உள்ள பெயரை அது கண்டுபிடித்துத் தராது. மின்னியல் சேகரிப்பில் ஒலிநாடா அலமாரியைப் போலக் கண்ணால் மேய்ந்து எதிர்பாராமல் ஒன்றை எடுக்கும் வாய்ப்பும் குறைவு; தேடலில் வராத பாடல் கேட்கப்படாமலே கிடக்கும். பழைய நாடாக்களின் அட்டைகளில் பாடியவர், இராகம், கச்சேரி நடந்த இடம், நாள் முதலிய செய்திகள் கையெழுத்தில் உள்ளன. அவற்றை எழுதியவர்கள் இருக்கும்போதே அச்செய்திகளைப் பாடல் குறிப்புகளில் ஏற்றிவிடுவது, அடைவை உருவாக்கும் பணியில் முதலாவதாகக் கருதத்தக்கது.