கருவியும் சொல்லும்: கப்பல்துறையிலிருந்து கதிரியல் வைத்தியம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

அறிவியற் கருவிகளின் வரலாற்றைத் தனிமனித மேதைகளின் வரலாறாக எழுதும் வழக்கம் நம்மிடையே இன்னும் வலுவாகவே உள்ளது. ஒரு பெயர், ஓர் ஆண்டு, ஒரு கண்டுபிடிப்பு என்ற அளவிலே பாடநூல்கள் நிறைவுகொள்கின்றன. கருவியை ஆக்கிய உற்பத்தித் தேவைகளும், அதனை இயக்கும் உழைப்பும், அதன் பயனைப் பெறுவோரும் பெறாதோரும் அவ்வரலாற்றில் இடம்பெறுவதில்லை. உடலின் உட்புறத்தைப் படமாக்கிக் காணும் கதிரியல் வைத்தியத்தைத் திருகோணமலைத் துறைமுகப் பகுதியை முன்வைத்து இக்கட்டுரையில் நாம் நோக்க முயல்கிறோம். இக்கருவிகள் எத்தகைய சமூக உழைப்பிலிருந்து தோன்றின, அவற்றின் முடிவு நோயாளியை எந்நிலையில் வந்தடைகின்றது என்னும் இரு வினாக்களே நமக்கு முதன்மையானவை.

கப்பல்துறை என்னும் ஊரின் பெயரே கப்பலையும் துறையையும் தன்னுட்கொண்டது. திருகோணமலை மாவட்டத்தின் வாழ்வைத் துறைமுகமே நெடுங்காலம் தீர்மானித்து வந்துள்ளது. 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து இத்துறைமுகத்தைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், அதனை இந்துசமுத்திரத்திலே தமது கடற்படை வல்லமையின் தளங்களுள் ஒன்றாக்கினர். 1942 ஏப்ரல் 9ஆந் திகதி யப்பானிய விமானங்கள் இதன்மீது குண்டு வீசின. சுதந்திரத்தின் பின்னரும் ஆங்கிலேயர் வசமிருந்த கடற்படைத்தளம் 1957 ஒக்டோபரிலேதான் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. கடற்படையின் தேவைகளும் துறைமுகத்தின் உடலுழைப்பும் அருகருகே வளர்ந்த இம்மண்ணிலிருந்து வைத்தியக் கருவிகளின் வரலாற்றை நோக்குவது பொருத்தமற்றதன்று என்பது பின்னர்ப் புலனாகும்.

1895 நவம்பர் 8ஆந் திகதி ஜேர்மனியின் வூர்ட்ஸ்பேர்க் நகரிலே வில்கெல்ம் றொண்ட்ஜன் எக்ஸ்-கதிரைக் கண்டறிந்தார். அவ்வாண்டு டிசெம்பரில் அவர் தம் மனைவியின் கையைப் படமெடுத்தார்; விரலென்புகளும் மோதிரமும் அதில் நிழலாக வீழ்ந்தன. 1901இல் பௌதிகவியலுக்கான முதலாவது நோபெல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. எனினும் நாம் மனங்கொள்ள வேண்டிய செய்தி வேறொன்று. தமது கண்டுபிடிப்புக்கு அவர் ஆக்கவுரிமை பெற மறுத்தார். அது மனிதகுலத்துக்குப் பொதுவாதல் வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. அறிவு தனியுடைமையாகாத அவ்விடத்தில், சில மாதங்களுக்குள்ளேயே பல நாடுகளின் வைத்தியர்கள் அதனைக் கையாளத் தொடங்கினர்.

இன்று கர்ப்பிணிப் பெண்கள் யாவரும் அறிந்த ஸ்கானின் வரலாறு இதனினும் நம் கவனத்துக்குரியது. முதலாம் உலகப் போரிலே நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறியும் பொருட்டுப் பிரெஞ்சு பௌதிகவியலாளர் போல் லாஞ்சவன், படிகக்கல்லைக்கொண்டு செவிக்கெட்டாத ஒலியலைகளை நீரினுட் செலுத்தி, அவற்றின் எதிரொலியைப் பெறும் முறையை உருவாக்கினார். இதே லாஞ்சவன் பிற்காலத்தில் நாசிகளாற் சிறைப்படுத்தப்பட்டவர். 1944இல் பிரெஞ்சுப் பொதுவுடைமைக் கட்சியிற் சேர்ந்தவர். எதிரொலியால் நீர்மூழ்கியைத் தேடும் கருவி பின்னர்ப் பிரித்தானிய நாசகாரிக் கப்பல்களில் வழக்கமான சாதனமாயிற்று. இரண்டாம் உலகப் போரின் பிற்பகுதியில் திருகோணமலையில் நங்கூரமிட்ட கீழைக் கடற்படையின் நாசகாரிகளும் இதனைத் தாங்கியே வந்தன.

ஒலியலைகள் அமைதிக்காலத்திலே தொழிற்சாலைக்குட் புகுந்தன. உலோகத் தகட்டிலும் ஒட்டிலும் மறைந்துள்ள வெடிப்பை அவை காட்டிக்கொடுத்தன. கப்பல்கட்டும் தொழிலுக்குப் பேர்போன கிளாஸ்கோ நகரில் மகப்பேற்று வைத்தியப் பேராசிரியராயிருந்த இயன் டொனால்ட், 1955 யூலையில் அண்மையிலிருந்த கொதிகலன் தொழிற்சாலையொன்றுக்குச் சென்றார். சத்திரசிகிச்சையில் அகற்றப்பட்ட கட்டிகளை உடன்கொண்டுசென்று, உலோக வெடிப்பைச் சோதிக்கும் கருவியால் அவற்றைச் சோதித்தார். திரவம் நிறைந்த கட்டியும் திண்மக் கட்டியும் வெவ்வேறு எதிரொலிகளைத் தந்தன. பொறியியலாளர் ரொம் பிறவுனும் வைத்தியர் ஜோன் மக்விகாரும் அவரோடு இணைந்து உழைத்தனர். மூவரின் ஆய்வுக்கட்டுரை 1958இல் லான்செற் இதழில் வெளியாயிற்று. குணப்படுத்தவியலாத புற்றுநோய் எனக் கைவிடப்பட்ட ஒரு பெண்ணின் வயிற்றிலிருந்தது சூலகக் கட்டியே என இக்கருவி காட்டியது. சத்திரசிகிச்சையால் அப்பெண் பிழைத்தார்.

சி.ரி. ஸ்கானின் கதையும் இதற்கு மாறுபட்டதன்று. கொட்பிறி ஹவுன்ஸ்பீல்ட் என்னும் பொறியியலாளர் உருவாக்கிய இக்கருவியால் 1971 ஒக்டோபர் 1ஆந் திகதி இலண்டனில் முதன்முதலாக நோயாளி ஒருவரின் மூளை படமாக்கப்பட்டது. அவர் பணியாற்றியது தனியார் நிறுவனமொன்றிலாயினும், பிரித்தானிய அரசின் சுகாதாரத் திணைக்களமும் அம்முயற்சிக்கு நிதியுதவியது. ஆகவே, கடற்படை, தொழிற்சாலை, பொதுநிதி, கூட்டு ஆய்வு ஆகியவற்றின் வழியே திரண்ட சமூக உழைப்பின் பேறாகவே இக்கருவிகளைக் கொள்ளல் வேண்டும். சமூகத்தின் உழைப்பிற் பிறந்ததன் பயன் சமூகத்துக்குரியது என்பது இதன் நேரிய முடிவாகும்.

இனி, இத்துறையின் வைத்தியர் செய்யும் பணி யாது? நோயாளி பெரும்பாலும் காண்பது படமெடுக்கும் தொழில்நுட்பவியலாளரையே. அவரது திறமையின்றேல் நல்ல படம் இல்லை. ஆயின் அப்படத்தை வாசித்து, முன்னைய படங்களோடும் நோயாளியின் வரலாற்றோடும் ஒப்புநோக்கி, அறிக்கை எழுதுபவர் கதிரியல் வைத்திய நிபுணர். அவர் வைத்தியப் பட்டம் பெற்றபின் இத்துறையிற் பல்லாண்டுகள் மேற்பயிற்சி பெற்றவர். நம் நாட்டில் ஒலியலைப் பரிசோதனையைப் பெரும்பாலும் அவரே நேரிற் செய்கின்றார். படத்தின் வழிகாட்டலில் ஊசி செலுத்திக் கட்டியிலிருந்து இழையம் எடுத்தலும், தேங்கிய சீழை வடித்தலும் அவர் பணிகளே. அவர் வாசிப்பது நிழல்களை. நிழலுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பொருள் இருத்தல் கூடுமாதலால், அறிக்கை சிலவேளை ஐயத்தோடு முடிவதும் மறு பரிசோதனை கோருவதும் இயல்பே. அதனை வைத்தியரின் குறைபாடெனக் கருதுதல் தவறு.

நோயாளி அறிந்திருக்க வேண்டியவை சில உள. எக்ஸ்-கதிர்ப் படமும் சி.ரி. ஸ்கானும் கதிர்வீச்சைப் பயன்படுத்துவன. நெஞ்சுப் படம் ஒன்றாற் பெறும் அளவு, இயற்கைச் சூழலிலிருந்து நாம் சில நாட்களிற் பெறும் அளவேயாகும். வயிற்றின் சி.ரி. பரிசோதனையோ ஏறத்தாழ மூன்று ஆண்டுகளிற் பெறுவதற்கு ஒப்பானது. எனவே தேவையுள்ளபோது அஞ்சுதலும் தேவையற்றபோது வேண்டிப் பெறுதலும் ஒருங்கே தவிர்க்கத்தக்கவை. கருவுற்றிருப்பதாக ஐயமிருப்பின் முன்கூட்டியே கூறுதல் வேண்டும். ஒலியலைப் பரிசோதனையிலும் காந்தத்தால் இயங்கும் எம்.ஆர்.ஐ. பரிசோதனையிலும் அத்தகைய கதிர்வீச்சு இல்லை. எம்.ஆர்.ஐ. கருவி பேரொலி எழுப்பும். உடலில் இதயமுடுக்கியோ உலோகத் துண்டோ உள்ளவர் அதனை மறைத்தலாகாது. நரம்பில் மருந்தேற்றிப் படமெடுக்கும்போது சிறுநீரக நோயும் ஒவ்வாமையும் வினவப்படும். வயிற்றுப் பரிசோதனைக்கு உணவு தவிர்த்தலும், அடிவயிற்றுப் பரிசோதனைக்கு நீரருந்திச் சிறுநீரை அடக்கிவைத்தலும் காரணத்தோடு கூடியவை. அக்காரணத்தைக் கேட்டறிதல் நோயாளியின் உரிமை.

ஆயின் உரிமை தானாகவே நிறைவேறுவதில்லை. 1951இல் இலங்கையின் அரசாங்க வைத்தியசாலைகளிற் கட்டணம் நீக்கப்பட்டது. பல வறிய நாடுகளும் அடையாத ஒரு பேறு அது. எனினும் நாட்கூலியில் வாழும் ஒருவர் கப்பல்துறையிலிருந்து நகரத்து வைத்தியசாலைக்குச் செல்லும் ஒவ்வொரு முறையும் ஒருநாட் கூலியை இழக்கின்றார். கட்டணமற்ற பரிசோதனைக்கும் அவர் தம் உழைப்பாலேயே விலை கொடுக்கின்றார். காத்திருக்கவியலாதோர் கடன்பட்டுத் தனியார் நிலையங்களை நாடுகின்றனர். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மருந்தும் வைத்தியப் பொருட்களும் அருகியபோது, இலவச வைத்தியம் அந்நியச் செலாவணியில் எவ்வளவு தங்கியுள்ளது என்பது வெளிப்பட்டது.

இவை யாவற்றையும் கடந்து பரிசோதனை முடிந்தபின்னும் ஒரு தடை எஞ்சுகின்றது. அது மொழி. அறிக்கை ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றது. தம் உடலைப் பற்றிய செய்தியைத் தம் கையிலேயே சுமந்துசெல்லும் நோயாளி அதனை வாசிக்க இயலாதவராயுள்ளார். கப்பல்துறையிலே ஆயுர்வேத வைத்தியசாலையும் உண்டு. அத்தகைய மரபு வைத்தியத்தில் நோயாளி தம் நோயின் பெயரைத் தம் மொழியிற் கேட்கின்றார். பழமையைப் போற்றுவது நம் நோக்கமன்று, நாடிபார்த்தல் சி.ரி. ஸ்கானுக்கு மாற்றாகாது. ஆனால் முற்பட்ட கருவி, நோயாளியைப் பொறுத்தவரை பிற்பட்ட உரையாடலைக் கொண்டிருப்பது ஒரு முரண்பாடு என்பதை நாம் மறுத்தற்கில்லை.

தமிழில் இது இயலாது என்போருக்கு நம் வரலாறே விடைபகரும். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், 1873இல் நாடு திரும்புவதற்குள் மேலைத்தேய வைத்தியத்தை மானிப்பாயிலே தமிழிற் கற்பித்தார். உடலமைப்பு, மகப்பேறு, சத்திரசிகிச்சை ஆகியன பற்றிய நூல்கள் அவர் முயற்சியால் தமிழில் வெளிவந்தன. அவரது நோக்கில் மதப்பரப்பும் கலந்திருந்தது உண்மையே. அதனால் அவர் நிறுவிய உண்மை பொய்யாகிவிடவில்லை. சுதந்திரத்தின் பின்னர் அரசகரும மொழித் திணைக்களமும் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது. ஆயினும் வைத்தியக் கல்வி ஆங்கிலத்திலேயே நிலைத்தமையால் அச்சொற்கள் வைத்தியசாலை வாயிலைத் தாண்டவில்லை. அதன் விளைவை இன்றும் காணலாம்: இத்துறையைச் சிலர் 'கதிரியக்கவியல்' என எழுதுகின்றனர். கதிரியக்கம் என்பது யுரேனியம் முதலிய பொருட்கள் தாமே கதிர்வீசும் தன்மையைக் குறிப்பது. அச்சொல்லைப் பெயர்ப்பலகையிற் காணும் கர்ப்பிணி ஒலியலைப் பரிசோதனைக்கும் அஞ்சுவாராயின் குற்றம் அவருடையதன்று.

1987இன் பதின்மூன்றாந் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988இன் பதினாறாந் திருத்தம் வடக்குக் கிழக்கு மாகாணங்களில் அதனை நிருவாக மொழியாக்கியது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வாழும் திருகோணமலையிலே, ஒவ்வொரு கதிரியல் அறிக்கையோடும் நான்கைந்து வரிகளில் நோயாளியின் மொழியிலமைந்த சுருக்கமொன்று இணைக்கப்பட வேண்டும் எனக் கோருவது மிகையான கோரிக்கையன்று. சிங்களம் பேசும் வறியவருக்கும் ஆங்கில அறிக்கை அந்நியமானதே; ஆதலின் இக்கோரிக்கை இரு மொழியாருக்கும் பொதுவானது. அச்சுருக்கத்துக்கு வேண்டிய சொற்களைத் திரட்டி, வைத்தியரோடும் தொழில்நுட்பவியலாளரோடும் நோயாளரோடும் அமர்ந்து திருத்தி வழங்குதல் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் ஏற்கத்தக்க பணி. கிறீன் தனியொருவராய்த் தொடங்கியதை நிறுவனங்களாகிய நாம் தொடர இயலாது என்பதற்குத் தக்க காரணம் எதுவும் இல்லை.